கோட்டம் எடுத்தல்: ஒரு சைக்கிள் சக்கரத்தின் கதை

அம்மா விழுந்த செய்தி எனக்கு வாட்ஸப்பில்தான் வந்தது. அக்கா அனுப்பியிருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் மூன்று தையல், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதி, கீழே ஒரு படம். படத்தில் அம்மா இல்லை. அவளுடைய சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் இருந்தது. மூன்று கம்பிகள் ஒடிந்து தொங்கின. எண்ணெயில் போட்ட அப்பளம் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் மடங்குமே, ரிம் அப்படி இருந்தது.

அந்தச் சக்கரத்தை 12 நாள் முன்பு ரிப்பேர் செய்து கொண்டுவந்து திண்ணையோரம் நிறுத்தியவள் நான்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சித்தி மகளைக் கேரியரில் உட்காரவைத்து, பால் சொசைட்டி இறக்கத்தில் வேகமாக விட்டேன். ரோட்டைத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. வீடு வரும்வரை பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே வந்தது. அம்மாவிடம் சொல்லாமல் மறுநாள் காலை டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைப் பையன் கையில் நிப்பிள் சாவியோடு பத்து நிமிஷம் குனிந்திருந்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். ஆடாமல் சுற்றியது. "இனி பிரச்சனை இல்லக்கா" என்றான். நூறு ரூபாய். நான் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அடிபட்ட ஒரு சைக்கிள் சக்கரம் பிழைக்குமா, பிழைக்காதா? கேட்க மிகச் சின்னக் கேள்விதான். அதற்குத் தப்பாகப் பதில் சொன்னால் யாரோ ஒருவர் ரோட்டில் விழுகிறார். எங்கள் வீட்டில் அது அம்மா. அந்த வாரக் கடைசியில் மறுபடி ஊருக்குப் போனேன். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக, அந்தக் கேள்விக்கு மனிதர்கள் எப்படிப் பதில் கண்டுபிடித்தார்கள் என்று தேடித்தேடிப் படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் கலந்துதான் இதை எழுதுகிறேன்.

*

கையில் கட்டோடு அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். நான் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டவேயில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மெயின் ரோடு பிரியுமிடத்தில் புளியமரத்தடியில் தகரக் கூரை போட்ட கடை. போர்டு கிடையாது. ஒரு காற்றடிக்கும் பம்பு, கறுத்த தண்ணீரோடு ஒரு இரும்புச் சட்டி, ஆணியில் வரிசையாகப் பழைய டயர்கள். கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அம்மா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

சக்கரத்தை உடனே தொட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"எப்படி அடிபட்டுச்சு பாப்பா? மேலருந்து இறங்குச்சா, பக்கவாட்டுல இடிச்சுச்சா?"

பள்ளத்தைச் சொன்னேன். டவுன் கடையையும் சொன்னேன்.

"அங்க கோட்டம் எடுத்தப்ப நேரா இருந்துச்சா?"

"நல்லா நேரா இருந்துச்சு. நானே சுத்திவிட்டுப் பாத்தேன்."

"பாத்த, சரி. தட்டிப் பாத்தியா?"

ஒரு ஸ்பேனரை எடுத்து ஒடியாமல் மிச்சமிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். சில கம்பிகள் கிண்ணென்று கத்தின. அடுத்த கம்பி தொப்பென்று, ஈரக் கயிற்றைத் தட்டினமாதிரி. மறுபடி ஒன்று கிண். பின்னால் வரிசையாக மூன்று தொப். "இத நேராக் காட்டுறதுக்காக நாலு கம்பிய முறுக்கு முறுக்குன்னு முறுக்கிருக்கான். பக்கத்துல இருக்கறதயெல்லாம் தொளதொளன்னு விட்டுட்டான். நாலு பேரு இழுத்து, முப்பத்தாறு பேரு சும்மா நின்னா வண்டி எத்தன நாளைக்கு ஓடும்?"

எங்கள் வீட்டு சைக்கிள் பழைய ஆங்கிலேய ரோட்ஸ்டர் வகை. ஜென்ட்ஸ் சைக்கிள், 28 அங்குலச் சக்கரம், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. இந்த 40 பேரும் ஏன் ஒன்றாக இழுக்கவேண்டும் என்று புரிய, சைக்கிளுக்கு முந்திய சக்கரத்திலிருந்து தொடங்கவேண்டும்.

*

மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குடம். அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள். அவை போய்ச் செருகும் வளைந்த மரத்துண்டுகள் வட்டை. எல்லாவற்றையும் சுற்றி இரும்புப் பட்டா. பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் மாட்டி, தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். அது சுருங்கி மொத்தச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டியின் பாரம் குடத்தில் இறங்கி, அடியில் இருக்கும் ஆரக்கால் வழியாகத் தரைக்குப் போகும். அதாவது அந்த ஆரக்கால் ஒரு தூண் போல நசுங்கிக்கொண்டு நிற்கிறது. தூண் என்பதால் அது தடிமனாக இருந்தாகவேண்டும்.

இந்தச் சக்கரத்தில் ஒரு ஆரக்கால் முறிந்தால், பட்டாவைக் கழற்றி, வட்டையைப் பிரித்து, ஆசாரி புது ஆரக்கால் இழைத்துச் செருகவேண்டும். பிழைக்குமா என்ற கேள்விக்கு அங்கே பதில் எளிது. பிரித்தால் பிழைக்கும். பிரிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. ஒளித்துவைக்கவும் முடியாது. முறிந்த மரம் முறிந்ததுபோலத்தான் தெரியும்.

1808ல் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் தன் குறிப்பேட்டில் வேறு மாதிரிச் சக்கரம் ஒன்றை யோசித்துப் பார்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது பறக்கும் கருவிக்கு எடை குறைந்த சக்கரம். மரக்காலுக்குப் பதில் இழுத்துக் கட்டிய கயிறு போதாதா என்பது அவர் யோசனை. ஒரு மெல்லிய கம்பியை நசுக்கினால் வளைந்துவிடும். அதையே இழுத்துப் பாருங்கள், ஒரு ஆளைத் தாங்கும். சக்கரத்தின் கால்களைத் தூணாக நிறுத்தாமல் முன்கூட்டியே இழுத்து வைத்துவிட்டால் சக்கரம் இறகுபோல ஆகிவிடும்.

ஆனால் 1860களில் பாரிஸில் மிஷோ பட்டறையின் மிதிவண்டி பிரபலமானபோதுகூட அதில் இருந்தது வண்டிச் சக்கரம்தான். மர ஆரம், இரும்புப் பட்டா. கல் பாவிய தெருக்களில் அது கொடுத்த ஆட்டத்தால் ஆங்கிலேயர்கள் அதற்கு எலும்பாட்டி என்று அர்த்தம் வரும் பெயரை வைத்தார்கள். 1869ல் அதே பாரிஸில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக முறுக்க முடிந்தது.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கவென்ட்ரியில், முன்பு தையல் மிஷின்களில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்டார்லி, வில்லியம் ஹில்மேனோடு சேர்ந்து ஏரியல் என்ற வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வழி வேறு. ஒரு நெம்புகோலால் குடத்தை ரிம்முக்கு எதிராகத் திருப்பினால் எல்லாக் கம்பிகளும் ஒரே சமயத்தில் இறுகும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் சக்கரம் ஒரே இடத்தில் மட்டும் கோணிக்கொண்டால், எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கி என்ன பயன்? 1874ல் ஸ்டார்லியே கம்பிகளைக் குடத்தின் விளிம்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும்படி கட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பெடலை மிதிக்கும்போது குடம் திருகும் அந்த விசையைச் சாய்ந்த கம்பிகள் நேராக ரிம்முக்குக் கடத்திவிடும். 150 வருஷம் கழித்தும் நம் தெருவில் ஓடும் சைக்கிள்களில் அந்தக் கட்டுதான் இருக்கிறது.

இப்படித் தனித்தனியாக முறுக்கும் கம்பியின் நுனியில் உட்கார்ந்திருப்பதுதான் நிப்பிள். விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மறைத்துண்டு. ரிம் வலதுபக்கம் ஒதுங்கியிருந்தால் அந்த இடத்தில் இடதுபக்கக் கம்பிகளைக் கால் சுற்று முறுக்கி, வலதுபக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்தவேண்டும். பட்டாவைக் கழற்றவேண்டாம், ஆசாரி வேண்டாம், நெருப்பு வேண்டாம். ஒரு சின்னச் சாவியும் பொறுமையும் இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்தே ஒரு சக்கரத்தை நேராக்கலாம்.

கூடவே இன்னொன்றும் வந்துவிட்டது. நிப்பிள் வந்த பிறகு சக்கரத்தைக் குணப்படுத்தவும் முடிந்தது, குணமானமாதிரி காட்டவும் முடிந்தது.

*

சைக்கிள் சக்கரத்தில் நாம் எதன்மேல் உட்கார்ந்து போகிறோம்? மேலே இருக்கும் கம்பிகளில் குடம் தொங்குகிறது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பொறியாளர்கள் இதை 1930களிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் பிப்பார்ட் என்பவர் கம்பிச் சக்கரங்களின் விசைகளை ஆராய்ந்தார். 1981ல் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் சைக்கிள் சக்கரத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்வது விசித்திரமாக இருக்கும்: சக்கரம் அடியில் இருக்கும் கம்பிகளின் மேல்தான் நிற்கிறது.

எப்படி என்றால், ஆள் ஏறி உட்கார்ந்ததும் மேலே உள்ள கம்பிகளில் இழுவிசை பெரிதாக மாறுவதில்லை. தரைக்கு மேலே வரும் நாலைந்து கம்பிகள் மட்டும் தங்கள் இழுவையில் கொஞ்சத்தை இழக்கின்றன. சக்கரம் சுற்றச்சுற்ற ஒவ்வொரு கம்பியும் ஒரு சுற்றில் ஒரு தடவை இப்படித் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரு கம்பிக்கு 100 கிலோவைத் தொங்கவிட்ட அளவு இழுவைகூட இருக்கலாம். அதில் கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே தொளதொளவென்று இருக்கும் கம்பி என்ன செய்யும்? ஒவ்வொரு சுற்றிலும் முழுசாக விட்டுவிடும், மறுபடி சுண்டி இழுபடும். ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி ஒடிப்போமே, அதுபோலக் குடத்தில் மாட்டியிருக்கும் அதன் கழுத்து அசந்துபோகும்.

அதனால் கம்பி ஒடிந்தால் அதை ரொம்ப முறுக்கிவிட்டார்கள் என்று உடனே சொல்லிவிட முடியாது. பல சமயம் முறுக்காமல் விட்டதுதான் ஒடிகிறது. டவுன் கடையில் தளர்த்திவிட்ட கம்பிகள் 12 நாளில் கழுத்து அசந்தன. ஒன்று போனதும் பக்கத்துக் கம்பிக்குப் பாரம் கூடியது. மூன்றாவது போனபோது அம்மா தண்ணீர்த்தொட்டித் திருப்பத்தில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் பிப்பார்டையும் பிராண்டையும் படித்தவரில்லை. ஒடிந்த மூன்று கம்பிகளையும் விரலால் தடவி, மூன்றும் கழுத்தில்தான் போயிருக்கின்றன என்று எனக்குக் காட்டினார். "தளந்ததுதான் மொதல்ல போகும் பாப்பா" என்றார்.

*

"சரிண்ணே, இது தேறுமா?" என்று கேட்டாள் அம்மா.

"கழட்டாமச் சொல்லக்கூடாது தங்கச்சி."

டயரை நெம்பி எடுத்தார். டியூபை எடுத்தார். நிப்பிள் தலைகள் டியூபைக் குத்தாமல் இருக்கச் சுற்றியிருந்த ரப்பர் நாடாவை உரித்தார். கம்பி செருகியிருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் அங்கேயே முடிந்தது, மேற்கொண்டு பார்க்கவேண்டியதில்லை என்றார். விரிசல் இல்லை. பிறகு நிப்பிள்களை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து தளர்த்தினார். ஒரேயடியாக ஒரு பக்கத்தைத் தளர்த்தினால் மறுபக்கம் இழுத்து இன்னும் கெடுத்துவிடுமாம். துரு ஏறி அசையாத நிப்பிள்களில் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தார். இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

எல்லாக் கம்பிகளும் கழன்ற பிறகு ரிம் மட்டும் தனியாகக் கையில் வந்தது. அதைக் கடை ஓரத்தில் கிடந்த கடப்பைக் கல்லின் மேல் படுக்கப் போட்டார்.

"இப்பச் சொல்லும் பாரு."

இதுதான் சோதனை. கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும்வரை ரிம்மின் உண்மையான உருவம் நமக்குத் தெரியாது. பக்கவாட்டு அடியில் ஒரு சக்கரம் அப்பளமாக மடங்கினாலும், சில சமயம் கம்பிகளைத் தளர்த்தினால் ரிம் தானாகவே பழைய வட்டத்துக்கு வந்துவிடும். ரிம் கெடவில்லை, இழுவிசை மட்டும் அதைக் கோணவைத்திருந்தது என்று அர்த்தம். அது பிழைக்கும் சக்கரம். புதுக் கம்பி போட்டுச் சமமாக முறுக்கினால் போதும். கம்பிகள் கழன்ற பிறகும் ரிம் கல்லின் மேல் படியாமல் தூக்கிக்கொண்டிருந்தால், இரும்பே தன் வடிவத்தை மறந்துவிட்டது என்று அர்த்தம். லேசான தூக்கல் என்றால் முழங்காலைக் கொடுத்து அழுத்தி, கட்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். பழைய ரிம்கள் இரும்பு என்பதால் வளைத்தால் வளையும். இப்போது வரும் அலுமினிய ரிம்களை அப்படி மறுபடி மறுபடி வளைத்தால் விரிசல்தான் விடும்.

எங்கள் ரிம் ஒரு பக்கம் கட்டைவிரல் தடிமனுக்குத் தூக்கி நின்றது. பள்ளத்தில் இடித்த இடம் உள்வாங்கித் தட்டையாகியிருந்தது. முழங்காலைக் கொடுத்து அழுத்தினார். எழுந்ததும் மறுபடி தூக்கிக்கொண்டது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். சுத்தியலைத் தொடவில்லை.

"தட்டி நேராக்கிரலாம். ஆனா தட்டையான எடத்த வெளிய இழுக்கறதுக்கு அங்கயுள்ள கம்பியத் தளத்தணும், பக்கத்துக் கம்பிய முறுக்கணும். அந்தப் பய செஞ்சதையேதான் நானும் செய்யணும். வேணாம்."

டவுன் கடைப் பையனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாவி இருவரிடமும் ஒன்றுதான். சக்கரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான் அவன். எந்த விலை கொடுத்து நேராக இருக்கிறது என்று பார்த்தார் இவர். அந்தப் பையனையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நூறு ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கழற்றினால் அவன் கடை வாடகை கட்ட முடியாது. நானும் சீக்கிரம் முடியுமா என்றுதானே கேட்டேன்.

*

கல்லின் மேல் கிடந்த ரிம்மை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்தக் கடைக்கு நான் மொத மொதல்ல வந்தது எப்பன்னு தெரியுமா?" என்றாள்.

1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று அவர் தீர்மானித்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பெண்கள் கூட்டங்கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1996ல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள் என்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகியதையும், குழந்தையை பாரில் உட்காரவைக்க வசதி என்று சிலர் அதையே விரும்பியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். எங்கள் அக்கா அந்த பாரில் வளர்ந்தவள்தான்.

புத்தகங்களிலும் புகைப்படங்களிலும் அந்தக் கதை பெண்கள் வரிசையாக சைக்கிளில் போவதோடு முடிகிறது. அதற்கு அடுத்த வாரம் பஞ்சர் ஆகியிருக்குமே? செயின் கழன்றிருக்குமே? கம்பி ஒடிந்திருக்குமே? அப்போது அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்?

"ஓட்டப் பழகுனதுகூடப் பெருசில்ல" என்றாள் அம்மா. "கூட நாலு பேரு இருந்தாளுக, சிரிச்சுக்கிட்டே விழுந்து எந்திரிச்சோம். இந்தக் கடைக்கு வர்றதுதான்டி கஷ்டம். அப்ப இங்க டீக்கடையும் இருந்துச்சு. பூரா ஆம்பளைக. பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானுக. சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்து நின்னா, எல்லாத் தலையும் திரும்பும். உங்கப்பத்தா வேற, ரிப்பேருக்கு ஒம்புருஷன் கொண்டுபோகட்டும், நீ போய் அங்க நிக்காதங்கும். உங்கப்பா ஞாயித்துக்கிழமதான் இருப்பாரு. செவ்வாக்கிழம பஞ்சரானா ஞாயிறு வரைக்கும் நான் நடக்கணும்."

ஓட்டத் தெரிந்தும் சைக்கிள் அவளுடையதாக ஆகவில்லை. கெட்டுப்போனால் தானே கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ள முடிந்த அன்றைக்குத்தான் ஆனது. முதல் தடவை அவள் வந்து நின்றபோது பெரியவர், அப்போது நடுவயதுக்காரர், பெஞ்சில் இருந்த ஒருவரை எழுந்திருக்கச் சொல்லி அவளை உட்காரவைத்தாராம். பஞ்சர் ஒட்டிவிட்டு, ஸ்பேனரை அவள் கையில் கொடுத்துக் கம்பியைத் தட்டச் சொன்னாராம். எல்லாம் ஒரே சத்தமாக இருக்கவேண்டும், ஒன்று மாறினாலும் தள்ளிக்கொண்டு வந்துவிடு, ஓட்டாதே என்று சொல்லிக்கொடுத்தாராம். முப்பது வருஷமாக வாரம் ஒரு தடவை அம்மா தட்டிப் பார்க்கிறாள். இந்த முறை மட்டும் தட்டவில்லை.

"நீ இப்பத்தானே ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்த. நல்லாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

*

ரிம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புது சைக்கிளே வாங்கிவிடலாம் என்று அக்கா போனில் சொன்னாள். இன்றைய கணக்கில் அது தப்பான யோசனையும் இல்லை. ஒரு பொருளைச் சரிசெய்யலாமா வேண்டாமா என்பதை அந்தப் பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. புதுசு எவ்வளவு, கூலி எவ்வளவு, உதிரி கிடைக்குமா, அவசரம் என்ன எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் இறங்கியபோது அதன் காலாட்படையில் ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் வந்தார்கள். நம்மவர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்களை ஒட்டிய சாலைகள்தான் அவை. படைத் திட்டத்தில் பங்கெடுத்த சூஜி மசனோபு என்ற அதிகாரி பிறகு எழுதிய நூலில், ஒவ்வொரு கம்பெனிக்கும் குறைந்தது இரண்டு ரிப்பேர்காரர்கள் இருந்ததாகவும், ஒருவர் நாளைக்குச் சராசரியாக 20 சைக்கிள் சரிசெய்ததாகவும் சொல்கிறார். போருக்கு முன்பே மலாயாவில் ஜப்பானிய சைக்கிள்கள் நிறைய விற்றிருந்ததால் உதிரிகள் ஊருக்கு ஊர் கிடைத்தன. வெயிலில் டயர் வெடித்து, ஒட்ட நேரமில்லாதபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்குகள் வருவதுபோல எதிரிக்குக் கேட்டது. ரிம் பிழைக்குமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அடுத்த ஊர்வரை போகுமா என்பதுதான் கேள்வி.

வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் ஒரு விஷயத்தை வலியுறுத்துவார்: நாம் தொழில்நுட்ப வரலாறு என்று எழுதுவது பெரும்பாலும் கண்டுபிடிப்பின் வரலாறு. ஒரு பொருள் தன் ஆயுளில் பெரும்பகுதி இருப்பது பயன்பாட்டிலும் பராமரிப்பிலும்தான். அந்தப் பகுதியை எழுத ஆளில்லை. யோசித்துப் பார்த்தால் சரிதான். ஸ்டார்லிக்குக் கவென்ட்ரியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1949ல் சென்னை அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியதும், 1956ல் லூதியானாவில் ஹீரோ தொடங்கியதும் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து வந்த சக்கரங்களை எத்தனை மரத்தடிகளில் எத்தனை பேர் கல்லில் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதற்கு எந்த ஏடும் இல்லை.

அந்தக் கம்பெனிகள் பழைய ஆங்கிலேய அளவையே நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தது எங்களுக்கு உதவியது. 28 அங்குலம் என்பது டயரின் வெளி அளவு. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் 40-635 என்று போட்டிருக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த என் இலவச சைக்கிள் எப்போதோ துருவாகிப் போய்விட்டது. அம்மாவுடையதற்கு இன்றைக்கும் ரிம் கிடைக்கிறது.

பெரியவர் குடத்தைப் பிரித்தார். அச்சைக் கல்லின் மேல் உருட்டிப் பார்த்தார். ஆடாமல் உருண்டது. பால்ரஸ் ஓடும் கிண்ணத்தில் விரலைவிட்டுத் தடவினார். சொரசொரப்பு இல்லை. குடத்தின் நடுவில் எண்ணெய் விட ஒரு சின்னத் துளையும், அதை மூட ஒரு வளையக் கிளிப்பும் இருக்கும். அந்தத் துளையைக் காட்டி, "உங்கம்மா இதுல எண்ணெ விடாம இருந்ததில்ல. அதான் இது பொழச்சுக் கெடக்கு" என்றார்.

கடைசியில் தீர்ப்பு இதுதான்: ரிம் போச்சு. கம்பிகளையும் நம்ப முடியாது, 40ம் புதுசு போடவேண்டும். குடம் இருக்கிறது. அப்படியென்றால் சக்கரம் பிழைத்ததா, செத்ததா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "குடம் இருந்தா கட்டிரலாம் பாப்பா" என்றார்.

*

திருச்சியில் ரிம்மும் கம்பியும் வாங்கி அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கட்டுவதைக் கூட உட்கார்ந்து பார்த்தேன். முதலில் 40 கம்பிகளையும் தொளதொளவென்று மாட்டினார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தை மாட்டி, ஒவ்வொரு நிப்பிளையும் ஒரே அளவு சுற்றினார். இன்னொரு சுற்று. இன்னொன்று. மூன்றாம் சுற்றுக்குப் பிறகுதான் ரிம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்க, ஒரு சாக்கட்டியைச் சட்டத்தில் ஊன்றி ரிம்முக்கு அருகில் பிடித்தார். உரசிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. கால் சுற்று அங்கே, கால் சுற்று இங்கே. நடுநடுவே எதிரெதிர்க் கம்பிகளை ஜோடியாக உள்ளங்கையில் பிடித்து அழுத்தினார். புதுக் கம்பிகள் கிறீச்சென்று தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. மொத்தம் இரண்டரை மணி நேரம். கூலி 250 ரூபாய் கேட்டார். 500 கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சக்கரம் சாக்கட்டியை எங்கும் தொடாமல் சுற்றியது. எனக்குத் திருப்தி. அவர் ஸ்பேனரை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா தையல் பிரித்த கையால் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. முக்கால்வாசி வந்ததும் நின்றாள். பின்னால் போய் மறுபடி தட்டினாள்.

"அண்ணே, இது ஒண்ணு மந்தமா இருக்கு."

அவர் குனிந்து காதைக் கொடுத்தார். தலையை ஆட்டினார். கால் சுற்று முறுக்கினார்.

பழைய ரிம்மை வீட்டுக்கு எடுத்து வந்தோம். அவரைப் பந்தலுக்கு ஒரு பக்கம் முட்டுக் குறைகிறது என்று அம்மா அதைக் கட்டிவிட்டிருக்கிறாள். போன வாரம் அக்கா படம் அனுப்பினாள். தூக்கிக்கொண்டு நிற்கும் பக்கத்தில் கொடி ஏறியிருக்கிறது.